மான் தொடாத கொடி

எங்கள் தெருவில் ஹாரன் என்றால் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். வண்டியை விட்டு இறங்கினாரே தவிர, குரலை இறக்கவில்லை. மனைவியிடம் அவர் டீ கேட்டால் மூன்று வீட்டில் அடுப்பு பற்றும்.

மனைவி துணிக்கடையில் நின்றே முட்டியைத் தேய்த்தவர். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தும் கட்டிலோடு சரி. நடந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம். நடக்காவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஹாரனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஜன்னல் வரைக்குமாவது வாயேன்."

"வந்து? அந்த அழுக்குச் சுவத்தப் பாக்கவா?"

நியாயம்தான். பக்கத்துக் கட்டடத்தின் நிழலில் வெயிலே படாத தோட்டம். அதன் கோடியில் பாசி பிடித்த சுவர். அதில் கொடி ஏற்றுவதென்று ஹாரன் கிளம்பினார். முதல் கொடி வெயில் கேட்டு வெளுத்துச் செத்தது. நிழலில் வளரும் என்று வாங்கிய இரண்டாவதை, பின்னாலுள்ள காட்டிலிருந்து வந்த மான்கள் தண்டோடு மேய்ந்துவிட்டுப் போயின. வேலி போடச் சொன்னவர்களிடம், அந்த மான்கள் பஸ்ஸையே தாண்டும் என்றார்.

"வாயில வச்சா ஒத்துக்காத இலைன்னா மான் தொடாதுண்ணே" என்றார் நர்சரிக்காரர். எந்த இலை என்று அவர் சொல்வதற்குள் ஹாரன் நாலு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பேசுகிற வேகத்தில் கேட்கிற பழக்கம் கிடையாது.

ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக மெல்ல ஆரம்பித்தார்.

"இது வெள்ளரிக்கா மாதிரி இருக்கு. மான் விடாது."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "என்னங்க, மாடா நீங்க?"

"மானும்மா! மான் மாதிரி யோசிக்கணும்."

மூன்றாவது மணி பிளான்ட். நன்றாகவே மென்றார். கொஞ்ச நேரத்தில் வாய் நெருப்பாக எரிந்தது; நாக்கு வீங்கிப் பேச்சு அடைத்துக்கொண்டது.

"என்னங்க?"

ஹாரன் ஆட்டிய கை கட்டிலிலிருந்து தெரியவில்லை.

"என்னங்க, ஏதாச்சும் பேசுங்களேன்!"

கல்யாணமான நாளிலிருந்து வாயை மூடச் சொன்னவர், முதல் தடவையாகப் பேசச் சொன்னார். அப்படியும் சத்தமில்லை. கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, குளிர்ந்த தண்ணீர்ச் செம்போடு பின்கதவுக்கே வந்துவிட்டார்.

ஹாரன் செம்பைப் பார்க்கவில்லை. மனைவியின் காலையே பார்த்தார். கண்ணில் நீர். இலையால் என்று பிற்பாடு சொன்னார்.

"என் கால்ல என்ன இருக்கு? வாயக் கொப்பளிங்க முதல்ல!"

மனைவி போட்ட போனில் நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. "அத யாராவது மெல்லுவாங்களாண்ணே? வீக்கம் வடிஞ்சிரும். மூச்சு முட்டுனா மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க." மாலைக்குள் வடிந்தது.

மணி பிளான்டே சுவரடிக்குப் போனது. மறுநாள் ஒரு மான் வந்து முகர்ந்தது, மூக்கைச் சுளித்தது, நடையைக் கட்டியது.

"அதுக்கு இருக்கிற புத்தி!" என்றார் மனைவி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி.

கொடி இப்போது இடுப்பளவு. ஹாரன் அதைக் கம்பியில் கட்ட, ஜன்னலிலிருந்து உத்தரவு வரும்.

"இடது பக்கம் இழுங்க. அது வலது!"

அவிழ்த்தார். மிகுந்த கவனத்தோடு மறுபடி வலது பக்கமே கட்டினார்.

"கடவுளே! இருங்க, நானே வரேன்" என்று மனைவி பின்படியில் காலை வைத்தார்.