யோகராணியின் லயம்

நேற்று அட்டுவம்பட்டியில் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஐப்பசி மழை, பகலிலேயே விளக்குப் போடவேண்டிய மூட்டம். மேசைக்கு அடியில் யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியதும் என் கை தன்னால் மேசைமீது கீபோர்டைத் தேடியது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, பழனி அடிவாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில், கட்டடங்களின் பலத்தைக் கணக்கிடும் மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தச் சத்தம் கேட்டால், "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க!" என்று நான் போடும் கூச்சலில் பக்கத்து வகுப்பு நின்றுவிடும். மழைக்காலத்தில் அந்த ஆய்வகத்தில் சூடேறிய கம்ப்யூட்டர் வாசமும் நனைந்த துணி வாசமும் கலந்து கிடக்கும். தூண்களையும் உத்திரங்களையும் திரையில் கோடுகளாக வரைந்து, அவற்றின்மேல் பாரத்தை ஏற்றுவோம். தாங்காத தூண் சிவப்பாகிவிடும். ஒரு பையன் அஸ்திவாரம் கொடுக்க மறந்துவிட்டு, "மேம், பில்டிங்கையே காணோம்!" என்று அலறியதில் எழுந்த சிரிப்பில் அன்று வகுப்பே நடக்கவில்லை.

அந்தச் சிரிப்பிலும் சேராமல் வரைந்துகொண்டிருந்தவள் யோகராணி. தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த குடும்பம். கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். வரிசை வீடுகளை லயம் என்றும், அதன் ஒவ்வோர் அறையையும் காம்பரா என்றும்தான் அவள் சொல்லுவாள். கடைசி வருஷ புராஜெக்டுக்கு மற்றவர்கள் வானுயர்ந்த கட்டடங்களை வரைய, அவள் தன் லயத்தை அளந்துகொண்டு வந்தாள். பின்பாதி சரிவுக்குமேல் பழைய தூண்களில் நின்றது.

கணக்கை ஓட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "பின்பக்கம் பூரா செவந்து கெடக்கு மேம். தப்பாக் குடுத்துட்டனா?"

கம்ப்யூட்டரை அவ்வளவாக நம்பாதவள் நான். காகிதத்தில் கையால் போட்டுப் பார்த்தேன். அவள் போட்டது சரி.

"தப்பில்லம்மா."

அவள் முகம் மலரவில்லை. "அந்தக் காம்பராவுலதான் மேம் அம்மா படுக்கும்."

இருவரும் லேப்டாப்போடு தோட்டத்து மேனேஜரைப் போய்ப் பார்த்தோம். தூண்களைப் பலப்படுத்தினால் போதும் என்று விளக்கினேன். காப்பி கொடுத்தார். "புள்ள நல்லாப் படிச்சிருக்குங்க. மொதலாளிகிட்ட வெரசா சொல்லிர்றேன்" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் யோகராணி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். புதுத் தூண் எங்கெங்கே வரும் என்று முன்சீட்டின் முதுகில் விரலால் வரைந்து காட்டினாள்.

தூண் வரவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் எல்லாக் குடும்பங்களையும் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். "கட்டடம் ஆபத்துன்னு ஒம் மகளே சொல்லிருச்சேப்பா" என்றாராம் மேனேஜர், அவள் அப்பாவிடம். நான் மேனேஜரிடம் ஓடினேன். "முட்டுக் கொடுத்தாலே நிக்குங்க" என்றேன்.

"நீங்கதான மேடம் நிக்காதுன்னீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

சாமான் ஏற்றிய அன்று பக்கத்துக் காம்பராப் பெண் யோகராணியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏண்டி, எங்கள வெரட்டத்தான் படிச்சியா?" கணக்கு சரி என்பதை அந்த முற்றத்தில் எப்படிச் சொல்வது?

பட்டம் வாங்கினாள். ஆனால் கட்டட வேலைக்கு மனுப் போடவே இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் அடிக்கிறாள். கல்லூரியில் எங்கள் துறையில் சேரப் பிள்ளைகள் வராமல் அதையும் மூடிவிட்டார்கள். லயம் இருந்த சரிவில் இப்போது டூரிஸ்டுகளுக்கான காட்டேஜ்கள். அங்கிருந்த சனம் திருப்பூர், கோயம்புத்தூர், கேரளா என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது.

போன தை மாதம் அவள் அம்மா இறந்துபோனார். திருப்பூருக்குப் போயிருந்தேன். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் எந்தக் காம்பராவிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள், கூப்பிடாமலே ஆள் வந்து நிற்கும் என்று யோகராணி சொல்லியிருக்கிறாள். அன்று பக்கத்து வீட்டில் யாரோ மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். தூக்குவதற்கு ஆள் போதவில்லை. அவள் அப்பா தெருமுனையில் நின்று, வேலைக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.