எரிந்த பட்டு எந்த வரிசையில் நிற்கும்?

வந்திருந்தவர்கள்: என் அக்கா மகேஸ்வரி, பக்கத்துக் கடை பாஸ்கர் அண்ணன், நான். வராதவர்கள்: கம்பெனிக்காரர்கள்.

அவர்கள் எப்படி வருவார்கள்? அதுதான் திவாலாகிவிட்டதே...

போன செவ்வாய்க்கிழமை, நந்தனத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். திவாலான கம்பெனியைத் தீர்ப்பாயம் இவர் பொறுப்பில்தான் விட்டிருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கெடுப்பது இவர் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அதனால் இங்கிலீஷில் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும், கண் டாக்டர் சீட்டு உட்பட. இந்த முறை வந்தது திவால் நோட்டீஸ்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து. அக்காவின் தையல் கடை, ஒட்டினாற்போல பாஸ்கர் அண்ணனின் ஜெராக்ஸ் கடை, அதற்கும் அடுத்து ஒரு பேட்டரி நிலையம். மின்சார ஸ்கூட்டரில் வரும் டெலிவரி ஆட்கள் தீர்ந்துபோன பேட்டரியைக் கொடுத்துவிட்டு சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டிக்கொண்டு போவார்கள். பெட்ரோல் பங்க் மாதிரிதான் — ஆனால் கரண்டுக்கு. கத்திரி வெயிலில் ஒரு மதியம் அங்கே ஒரு பேட்டரி வெடித்தது. பிறகு இன்னொன்று... ஆட்கள் தப்பித்தார்கள். கடைகள் தப்பவில்லை.

மறுநாளே அந்தப் பேட்டரி கம்பெனியிலிருந்து வந்தார்கள். தப்பு தங்கள் வயரிங்கில்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். முழு நஷ்ட ஈடு தருகிறோம் என்று எழுதியும் கொடுத்தார்கள். இப்படியும் கம்பெனி உண்டா என்று நாங்கள் நெகிழ்ந்துபோனோம். இன்சூரன்ஸ் தவணையை அவர்கள் கட்டவில்லை என்பது பிறகு தெரிந்தது. அதற்கும் பிறகு வந்தது இந்த நோட்டீஸ்.

"மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்பா," என்றார் பாஸ்கர் அண்ணன். "நம்மள எரிச்சிட்டு அவன் போய் தண்ணில குந்திக்கினான்."

ஆடிட்டர் நல்ல மனிதர். தண்ணீர் பாட்டில் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். இப்போதைக்குக் கம்பெனி மேல் யாரும் வழக்குப் போட முடியாது. ஏற்கெனவே போட்டிருந்தாலும் நகராது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் ஒருவருக்கும் ஒன்றும் மிஞ்சாதாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பிறகு வரிசையைச் சொன்னார். கம்பெனியை விற்றுப் பணம் வந்தால், முதலில் இந்த நடவடிக்கைகளுக்கான செலவு. தன் சம்பளமும் அதில்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. அடுத்து, அடமானத்தின் மேல் கடன் கொடுத்த பேங்கும் தொழிலாளர்களின் சம்பளப் பாக்கியும். அப்புறம் வேறு கடன்கள், அரசாங்க வரி. அதற்கும் அப்புறம் மிச்சம் இருப்பவர்கள்.

"மிச்சம் இருக்கறவங்கன்னா யாரு சார்?" என்றார் பாஸ்கர் அண்ணன்.

"நீங்கதான்."

"பேங்க்காரன் கடை எரிஞ்சிச்சா?"

"இல்லை."

"அப்ப அவன் இன்னாத்துக்கு முன்னாடி நிக்கிறான்?"

"அவா அடமானம் வாங்கிண்டு கடன் குடுத்திருக்கா. நீங்க அடமானம் வாங்கலையே."

பாஸ்கர் அண்ணன் தலையாட்டினார். "மிஸ்டேக்தான் சார். நெருப்பு வந்தப்பவே, அடமானத்துக்கு கையில இன்னா வெச்சுக்கினு கீறன்னு கேட்டுட்டு உள்ள விட்டிருக்கணும்."

ஆடிட்டரே சிரித்துவிட்டார்.

எனக்கு இதில் ஒன்றுதான் புரியவில்லை. பேங்க் அந்தக் கம்பெனியை விசாரித்து, வட்டி பேசி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது. அக்கா அந்தக் கம்பெனி வாசலை மிதித்ததுகூட இல்லை. ஆனால் சட்டத்தின் கணக்கில் இரண்டு பேருமே அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள்! நாங்கள் எப்போது கொடுத்தோம்?

ஆடிட்டர் அக்காவின் நஷ்ட ஈட்டு மனுவைப் புரட்டினார். "மெஷின் இருக்கு, மோட்டார் இருக்கு, அயர்ன் பாக்ஸ் இருக்கு... துணி ஒண்ணுகூட இல்லையேம்மா? டெய்லர் கடைதானே?"

"துணி என்னுது இல்ல சார். கஸ்டமருது."

"அவாளுக்கு நீங்க ஈடு குடுக்கணுமில்லையா?"

"குடுத்துகினுதான் கீறேன். கூலி வாங்காம தச்சுக் குடுத்து கழிக்கிறேன். முக்காவாசிப் பேருக்குத் தீந்துபோச்சு."

"அதுக்கு ரசீது?"

"ஊசி ஓட்டறதுக்கு இன்னா சார் ரசீது?"

துணியையும் சேர்க்கலாமா என்று மனு எழுதும்போதே நான் அக்காவிடம் கேட்டேன். 'அடுத்தவங்க பொருளுக்கு நாம எப்டிடா துட்டு கேக்கறது?' என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

ஆனால் கூலியில் கழிக்க முடியாத ஒன்று பாக்கி இருந்தது. மயிலாப்பூர் வசந்தா மாமி, மகள் ரிசப்ஷனுக்கு வாங்கிய பட்டுப்புடவை. ஃபால்ஸ் வைக்கவும் பிளவுஸ் தைக்கவும் கொடுத்திருந்தார். விலை முப்பத்தெட்டாயிரம். கல்யாணம் அடுத்த மாதம். கம்பெனி பணம் வந்ததும் புதுசு எடுத்துத் தருகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். தீப்பிடித்த நாளிலிருந்து அவள் தூக்கத்தைக் கெடுத்தது மெஷின் இல்லை, இந்தப் புடவைதான்.

"அந்த மாமியே நேரா மனு போடலாம். இல்லேன்னா, உங்ககிட்ட ஈடு கேட்டதா லெட்டர் வாங்கிண்டு வாங்கோ. மாசக் கடைசிக்குள்ள குடுத்தா சேர்த்துடறேன்," என்றார், புடவை விஷயத்தைக் கேட்ட ஆடிட்டர்.

எழுந்தவள் திரும்பிக் கேட்டாள்: "சார், நானும் திவாலுன்னு சொல்லிட்டா, மாமியும் இப்டி வரிசையில நிப்பாங்களா?"

"தனி ஆளுக்கும் சட்டம் இருக்கும்மா..."

"சட்டம் இருக்கட்டும் சார். அப்பால எவ என்னை நம்பி துணி குடுப்பா?"

கம்பெனிக்கு இந்தக் கவலை கிடையாது. அது வேறு பெயரில் பிறந்துகொள்ளும்.

வியாழக்கிழமை மயிலாப்பூர் போனோம். மாமி காபி கொடுத்து, முழுக்கதையையும் கேட்டார்.

"நானே மனு போடறதா? பத்திரிகை அடிச்சாச்சுடா அம்பி. ஆத்துல சுபகாரியத்தை வெச்சுண்டு திவால் பேப்பர்ல என் பேரா? அதெல்லாம் ஆகாது. ஆனா மகேஸ்வரிக்கு ஒத்தாசையா ஒரு லெட்டர் எழுதித் தரேன்."

முத்து முத்தான கையெழுத்து. புடவையின் நிறம், கரை, விலை, கொடுத்த நாள் — எல்லாம் இருந்தது. கல்யாண வீட்டிலிருந்து போகிற காகிதம் என்று நான்கு மூலையிலும் மஞ்சள் வேறு தடவினார். கடைசி வரி: 'மகேஸ்வரி மேல் ஒரு தப்பும் இல்லை. அவளிடமிருந்து எனக்கு ஒரு பைசாவும் வேண்டாம்.'

படித்துக் காட்டியபோது அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அங்கேயே போட்டோ எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன். "தம்பி, கடைசி வரியைப் பார்த்தேளா? மாமி ஒண்ணும் வேண்டாம்னு எழுதிட்டா. அப்போ உங்கக்காவுக்கு நஷ்டமே இல்லைன்னு ஆயிடும்."

"மாமி நல்லவங்க சார். அதான் அப்படி..."

"அதான் பிரச்சினை. உங்கக்கா நெஜமாவே புடவை எடுத்துக் குடுத்துட்டு, பில்லை வெச்சா சேர்த்துக்கறேன். வரிசை அதேதான். எப்போ வரும், எவ்வளவு வரும்னு மட்டும் கேட்காதீங்கோ."

யோசித்துப் பாருங்கள். மாமி பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மை நேராக யார் கணக்கில் வரவானது? எரித்தவர்கள் கணக்கில்!

அக்காவிடம் சொன்னேன். "பில்லுக்காகவா நான் எடுக்கப்போறேன்? என் கைல குடுத்த பொருள்டா அது," என்றாள். சனிக்கிழமை காலை அவள் கழுத்தில் செயின் இல்லை. மாமியைக் கட்டாயப்படுத்தி தி.நகருக்கு அழைத்துக்கொண்டு வந்தாள்.

பட்டுப் பிரிவில் உட்கார்ந்ததும் மாமி, "எனக்கு இந்த எட்டாயிரம் போதும். கலர் என்னமா இருக்கு!" என்றார்.

அக்கா முந்தியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தாள். "மாமி, இது கலப்பு. அண்ணே, அந்த மேல் தட்டைக் காட்டுங்க."

"மேல் தட்டெல்லாம் வேண்டாம்டி. கனமா இருக்கும். குழந்தை ஒல்லி."

"எரிஞ்சது எவ்ளோ கனம்னு எனக்குத் தெரியும் மாமி. என் மடியிலதான் இருந்துச்சு."

"வாங்கிக்கறவ நான். எனக்குத்தான் பிடிக்கணும்."

"குடுக்கறவ நான். எனக்கு மனசு ஆறணும்."

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். தி.நகரில் அவர் பார்க்காத பேரமா? ஆனால் வாங்குகிறவர் மலிவாகக் கேட்டு, பணம் கொடுக்கிறவர் விலையை ஏற்றிவிடுகிற பேரத்தை அவர் கண்டிருக்க மாட்டார். மாமி பன்னிரண்டுக்கு ஏறினார். அக்கா முப்பத்தெட்டிலேயே நின்றாள். மாமி பதினெட்டு என்றார். அக்கா முப்பத்தைந்துக்கு இறங்கினாள். டீ வந்தது. மாமி, 'இதுக்கு மேல ஏத்தினா எழுந்து போயிடுவேன்' என்று கைப்பையை எடுத்துக்கொண்டார்...

ஒருவழியாக, இரண்டு பேருக்குமே திருப்தியில்லாத ஒரு மாம்பழ மஞ்சளில் முடிந்தது. பில்லை அக்கா பெயரில் போட்டோம், ஆடிட்டர் சொன்ன வரிசையின் கடைசியில் நிறுத்த.

முப்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.