பச்சை ஓடிய கருப்புக் கல்

கருப்பு கிரானைட் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக மெருகு மெஷினில் நிற்பவளுக்கு ஊமச்சி என்று பட்டப்பெயர். வாய்தான் திறக்காது, கண் எதையும் விடாது.

அந்த வாரம் ஆறு படிக்கட்டுக் கல் திரும்பி வந்தது. இரண்டே மாதத்தில் வெளுத்து, பச்சைக் கோடு தெரிகிறதாம். கடைசி மெருகில் யாரோ ஏய்த்திருக்கிறார்கள், சனிக்கிழமைக்குள் ஆள் தெரியாவிட்டால் மெஷினில் நிற்கும் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும் என்றார் முதலாளி. ஒருத்தி இவள். இன்னொருவன் இவள் கொழுந்தன்.

இவளுக்கு அவன்மேல்தான் சந்தேகம். எல்லோரும் கை கழுவப் போனால் அவன் மட்டும் கல்லடுக்குப் பக்கம் ஒதுங்குவான். நகக்கண்ணில் எப்போதும் கருப்பு. கல் என்னதான் கருப்பானாலும் தூள் சாம்பல் நிறம்தானே? மூன்று நாள் நோட்டம் விட்டாள். நாலாம் நாள் அவன் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே கருப்பு மை டப்பா, கந்தல் துணி.

டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் முகம் சுண்டிப்போனது.

"மெருகு ஒழுங்காத்தான் போட்டேன் அண்ணி. கல் காய்ஞ்சதும் பச்சை தெரிஞ்சுது. பழி நம்ம தலையிலதான் விழும்னு மை தடவினேன்."

"ஆறுலயுமா?"

"மூணு என்னுது. மூணு உங்களுது."

மெஷினில் தண்ணீர் ஓடும்போதே கல்லைப் பார்த்துச் சரியென்று அனுப்பிவிடுவது பட்டறை வழக்கம். ஈரத்தில் எந்தக் கல்லும் கருப்புதான்.

திரும்பி வந்ததில் தன் கல் ஒன்றை, மை போகத் தின்னரால் துடைத்துக் காயவைத்து, ஆணியால் கீறினாள். கருப்பில் கீறல் விழவில்லை. பச்சையில் சோப்பு மாதிரி உதிர்ந்தது. பூமிப் பிளவில் உருகிய குழம்பு ஏறி உறைந்ததுதான் இந்தப் பாறை, கருப்பு மணிக்குப் பைராக்சீன் என்று பேர், விரிசல் வழியே தண்ணீர் புகுந்த இடத்தில் அது காலப்போக்கில் பச்சையாகி இளகிவிடும் என்று எப்போதோ பாறையைச் சோதிக்க வந்த சர்வேக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது.

இருவரும் முதலாளியிடம் போனார்கள். கொழுந்தன் டப்பாவை மேஜைமேல் வைத்ததும் அவர் எகிறினார். ஊமச்சி வாய் திறந்தாள்.

"திட்டுறத அப்புறம் திட்டுங்க ஐயா. மெருகு பத்தலைன்னா மேலாகத்தான் வெளுக்கும். இது அடிவரைக்கும் பச்சை. இந்தப் பாறைய யாரு பாத்து எடுத்தது?"

கொட்டுகிற மழையில் குவாரிக்குப் போய்ப் பொறுக்கியவர் அவரேதான். ஆணியை வாங்கிக் கீறிப் பார்த்தார். பச்சை உதிர்ந்தது.

வேலை தப்பியது. இப்போதெல்லாம் ஒரு நாள் முழுக்கக் காயாமல் எந்தக் கல்லும் வண்டி ஏறுவதில்லை. கொழுந்தன் நல்லவன்தான். ஆனாலும் சாயங்காலம் அவன் கை கழுவப் போகும்போது, அந்தப் பையை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் இவள் கிளம்புகிறாள்.