கொளஞ்சியப்பன் குடிக்காத குடி

புவனகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கொளஞ்சியப்பன் ஒரு பெருங்குடிகாரர் என்பது ஊருக்கே தெரியும். வாழ்நாளில் அவர் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்பது அவருக்கும் அவர் மனைவி ரேகாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

எல்லாம் நடையால் வந்தது. காலை அகட்டி அகட்டி வைப்பார். கடையிலிருந்து எதிர் டீக்கடைக்குப் போவதற்குள் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் விசாரித்துவிட்டுத்தான் போய்ச் சேருவார். சில நாள் பேச்சும் கொஞ்சம் குழறும். ஆனால் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஆள் வேறு. ஆதார் கார்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளில் கோணாமல் எடுத்துக் கொடுப்பார். எவ்வளவு போட்டாலும் தொழிலில் தப்பு வராத மனுஷன் என்று நிஜக் குடிகாரர்களுக்கு அவர் மேல் தனி மரியாதை.

ஒருமுறை சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் அவரை ஏறவிடவில்லை. குடிக்கவில்லை என்று சொல்லி, வாயைத் திறந்து ஊதியும் காட்டினார். கண்டக்டர் மோந்து பார்த்தார். வாசனையே வராத உசந்த சரக்கு போல என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்தார்.

உண்மையில் கொளஞ்சியப்பனுக்கு இருந்தது வலிப்பு. கல்லூரியில் படிக்கும்போது வந்தது. அப்போது ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டிக் காட்டியே இருபது வருஷத்துக்கு மேலாக வாங்கி விழுங்கிவந்தார். வலிப்பு எப்போதாவதுதான் எட்டிப்பார்த்தது. அதனால் டாக்டரைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

கல்யாணமான சில மாதத்தில் ரேகா அதை நேரில் பார்த்தாள். பயந்தாள், அழுதாள், அப்புறம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்போது அவள் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை கரையேறிய பிறகு சொல்லலாம் என்றிருந்தாள். அதற்குள் தனக்கே ஒரு மகள் பிறந்துவிட்டாள். பிறகு, சில வருஷங்களாக, அவருக்கு நடை தள்ளாட ஆரம்பித்தது. என்னடி உன் வீட்டுக்காரர் இப்படி நடக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, என்ன செய்வது, குடிதான் என்று ரேகா சொல்லிவிட்டாள்.

அன்று கொளஞ்சியப்பன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். ரேகா அவரிடம் மெதுவாகச் சொன்னாள்: "குடிக்கிறாருன்னா நாலு பேரு திட்டுவாங்க, அதோட போயிரும். வலிப்புன்னா நம்ம பொண்ணை எவனும் கட்டமாட்டான்."

அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. குடிகாரராக ஒத்துக்கொண்டார்.

இதில் அதிகம் பாடுபட்டவன் ரேகாவின் அண்ணன் அறிவழகன். கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் லோடு அடிக்கும் வேன் வைத்திருந்தான். தங்கை புருஷனைத் திருத்துவதே தன் கடமை என்று எடுத்துக்கொண்டு, லீவு கிடைத்தபோதெல்லாம் கடலூரிலிருந்து வந்து குடல் வெந்துபோவதைப் பற்றி விளக்கினான். கடைசியாகக் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக் கையில் கயிறும் கட்டிவிட்டான். கொளஞ்சியப்பன் கொஞ்சமும் கூசாமல் சத்தியம் செய்தார். அதில் பொய் ஏதும் இல்லையே. ஆனால் கயிறு கட்டிய கையோடு அவர் கோயில் வாசலிலேயே தள்ளாடியதைப் பார்த்து அறிவழகனுக்கு மனசு விட்டுப்போனது.

போன வருஷம் மழையில் கடைப் படியில் கொளஞ்சியப்பன் விழுந்தார். நெற்றியில் தையல் போடும்படி ஆனது. தையல் பிரிக்கச் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஏன் விழுந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டபோது எப்படியோ உண்மையைச் சொல்லிவிட்டார். நர்ஸ் அவரை நரம்புப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே அனுப்பிரியா என்ற டாக்டர் ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ரொம்ப நாளாக வலிப்பு உள்ளவர்கள் எவ்வளவு நிலையாக நிற்கிறார்கள் என்று ஒரு மிஷினில் அளப்பது. அவர்கள் மூளையை ஸ்கேன் எடுத்து, எங்காவது சதை மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கண்டுபிடிப்பது. சேர விருப்பமா என்று டாக்டர் கேட்டார். தள்ளாட்டத்தைக் குடி என்று நினைக்காத முதல் ஆள் அவர்தான். கொளஞ்சியப்பன் உடனே சரி என்றார். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

ரேகா கிளம்பினாள். ஆனால் விஷயம் அரைகுறையாக அறிவழகன் காதுக்கும் போய்விட்டது. குடியை நிறுத்தத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று அவனாகவே முடிவுசெய்து, சந்தோஷமாக வேனை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். மூன்று பேரும் மீன் வாசனையோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். சொந்த விஷயம் கேட்பேன், யாராவது வெளியே இருக்கவேண்டுமா என்று டாக்டர் கேட்டார். அவ்வளவு தூரம் ஓட்டிவந்த மச்சானை வெளியே போகச் சொல்ல கொளஞ்சியப்பனுக்கு வாய் வரவில்லை.

முதல் கேள்வி பழக்கவழக்கம் பற்றியது. இவர் குடிப்பாரா என்று ரேகாவிடம் கேட்டார் டாக்டர். பக்கத்தில் அண்ணன். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். குடிப்பாருங்க, தினமும் என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். குடியும் சிறுமூளையைச் சுருக்கும், மனுஷனை நேராக நிற்கவைப்பதே சிறுமூளைதான், குடிக்கிறவரைச் சேர்த்தால் எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது, அதனால் சேர்க்க முடியாது என்று வருத்தமாகச் சொன்னார்.

ஊர் சொன்னபோது வராத கோபம் அன்று கொளஞ்சியப்பனுக்கு வந்தது. "நான் ஒரு சொட்டு குடிச்சதில்லீங்க," என்றார். அறிவழகன் சிரித்துவிட்டான். எல்லாரும் சொல்வதுதானே இது.

ரேகாவுக்குத்தான் தாங்கவில்லை. "அவர் சொல்றதுதான் நெசம் மேடம். வலிப்பு வெளியே தெரியக்கூடாதுன்னு நான்தான் குடின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அறிவழகன் தங்கையைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "அப்போ நான் கட்டிவுட்ட கயிறு, மாப்ள?"

"அது பாட்டுக்கு இருந்துச்சு மச்சான்," என்றார் கொளஞ்சியப்பன்.

டாக்டர் கல்லீரல் சோதனையும் எடுத்துப் பார்த்து, சந்தேகம் தீர்ந்து, அவரைச் சேர்த்துக்கொண்டார். இடுப்பில் பெல்ட் மாட்டி ஒரு பலகையில் நிற்கவைத்தார்கள். கண்ணைத் திறந்து, கண்ணை மூடி, காலடியில் மெத்தைத் துண்டு போட்டு. கண்ணை மூடியதும் கொளஞ்சியப்பன் சாய்ந்தார், பெல்ட் பிடித்துக்கொண்டது. அவர் எந்தப் பக்கம் எவ்வளவு ஆடினார் என்பதைக் கம்ப்யூட்டர் சிக்கிய நூல்கண்டு மாதிரி வரைந்து காட்டியது.

நோய் இல்லாதவர்களும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை என்றதும் அறிவழகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான். குடிப்பீர்களா என்ற கேள்வி அவனுக்கும் வந்தது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். பாண்டிச்சேரிப் பக்கம் லோடு போனால் மட்டும், என்று இழுத்தான். எவ்வளவு என்று கேட்ட டாக்டர், பதிலைக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி உட்காரச் சொன்னார். ரேகா அழுகையை விட்டுச் சிரிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

ஸ்கேனில் சிறுமூளை கொஞ்சம் மெலிந்திருந்தது தெரிந்தது. வருஷக்கணக்கான வலிப்பாலா, அந்த மாத்திரையாலா, இரண்டாலுமா என்று ஒருவரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பேரை அளக்கிறோம் என்றார் டாக்டர். ஆனால் ரத்தத்தில் மருந்து அளவு ஜாஸ்தியாக இருந்தது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி, பழைய மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து வேறு மாத்திரைக்கு மாற்றினார். கால் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். மெலிந்தது திரும்ப வளராது என்பதையும் மறைக்கவில்லை.

சில மாதத்தில் பேச்சுக் குழறல் போனது. நடையும் பாதிக்குமேல் சரியாகி, ரோட்டின் ஒரு ஓரத்தோடு அவருக்குக் காரியம் முடிந்தது. ஊர் இதையும் தன் வழியிலேயே புரிந்துகொண்டது. கொளஞ்சியப்பன் குடியை விட்டுவிட்டாராம். டீக்கடைக்காரர் கைகுலுக்கிப் பாராட்டினார்.

ஒரு நாள் மத்தியானம் முத்தம்மாள் என்ற பெண் கடைக்கு வந்தாள். புருஷன் ஓயாமல் குடிக்கிறான், உங்களைத் திருத்திய டாக்டர் யார் என்று கேட்டாள். பழையபடி எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ரேகா தலையைத் தூக்கினாள். அவரும் அவளைப் பார்த்தார். அவள் சொல்லுங்கள் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"எனக்கு குடி இல்லீங்கம்மா. வலிப்பு. அதுக்குத்தான் வைத்தியம் பாத்தேன்," என்றார்.

முத்தம்மாள் போகவில்லை. தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புருஷன் பேச்சை அப்படியே விட்டுவிட்டாள். தன் தம்பிக்கும் அது இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம், அவனை அங்கே பார்ப்பார்களா என்று கேட்டாள். ரேகா எழுந்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கிழமை போகவேண்டும், எந்த பஸ் நல்லது என்று சொல்ல ஆரம்பித்தாள்.