லீவுக்குத் தையல் கற்க வந்த அக்கா

கீழ்வேளூரில் நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு இன்று எங்கள் தெருவிலிருந்து ஒரு காலேஜ் அக்கா வந்தார்.

"செமஸ்டர் லீவு, வீட்ல செம போர். பொங்கலுக்குள்ள தைக்கக் கத்துக்கலாம்னு வந்தேன்."

கடை ஓனர் அக்கா என்னைக் காட்டி, "இவ சொல்லித் தருவா" என்றார்.

"இவளா? ஒன்பதாவதுலயே நின்னவதானே?" என்றார் காலேஜ் அக்கா.

வழக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். இன்று குனியவில்லை.

"ஆமாங்க்கா. அதுலேர்ந்து மூணு வருஷமா இந்த மெஷின்லதான் உக்காந்திருக்கேன். முதல்ல நூல் இல்லாம பேப்பர்ல ஓட்டிப் பழகுங்க."

"பேப்பரா? நான் வீடியோ எல்லாம் பார்த்துட்டுதான் வந்திருக்கேன்" என்று துணியை வைத்து மிதித்தார். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது, நூல் அறுந்தது. மறுபடி கோத்தார், மறுபடியும் அறுந்தது.

நான் துணியை எடுத்துவிட்டு, கோடு போட்ட தாளை வைத்தேன். "கோட்டு மேலயே போங்க. கோணினா அடுத்த தாள்."

ஏழு தாள் ஓடின. எட்டாவதை அவரே கேட்டு வாங்கினார்.

கிளம்பும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றார். ஓனர் அக்காவிடம் இல்லை, என்னிடம்.

"ஒன்பதுக்கு வந்துடுங்க" என்றேன்.

லேட்டாக வந்தால் வாசலில் நிற்க வைக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் டீச்சரெல்லாம் எவ்வளவு நேரம் நிற்க வைப்பார்கள்?