அக்னி மூலையில் ஒரு ஜெனரேட்டர்

1. ஆடிய வால்

திருவெறும்பூர் தாண்டி ஜீப் கொஞ்சம் வேகம் பிடித்ததும், பின்னால் இழுத்து வந்த டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. பஷீர் பாய் மெதுவாக ஓரங்கட்டி நிறுத்தினார். அரியமங்கலத்தில் நான் ஃபோர்மேனாக இருந்த பட்டறையின் முதலாளி அவர்.

"மணி, நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. இப்ப சந்தோஷமா?" என்றார்.

"சந்தோஷம்தான் பாய். உசுரோட இருக்கோம்ல."

அதுவரை எங்கள் பட்டறையில் செய்ததெல்லாம் செங்கல் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்தான். படுக்கை, சமையல் மேடை, ஏசி என்று ஆட்கள் தங்கிப் பயணம் போகிற டிரெய்லருக்கு அதுதான் முதல் ஆர்டர். பெட்ரோலில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் ஒன்றையும் அதில் பூட்ட வேண்டும். பாய் அதைப் பின்பம்பரில் பூட்டச் சொன்னார். சக்கரத்துக்குப் பின்னால் பாரம் போனால் முன்கொக்கி லேசாகிவிடும், வண்டி அலையும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். சைக்கிள் கேரியரில் குடம் கட்டினால் ஹேண்டில் என்ன பாடுபடும் என்று ஊருக்கே தெரியும். "பின்னாடி இருந்தாத்தான்யா பார்வையா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். சிலருக்குப் பட்டால்தான் தெரியும். முதலாளிகளுக்குப் பட்ட பிறகும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

2. மாமி சொன்ன மூலை

மறுநாள் ஜெனரேட்டரைக் கழற்றிக் கீழே வைத்திருந்தபோது, டிரெய்லருக்குச் சொந்தக்காரர்களான மாமாவும் மாமியும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தார்கள். மாமாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகத்தில் மாஸ்க் போட்டு, மிஷின் காற்றுக் கொடுத்தால்தான் தூங்கலாம். கரண்ட்டை நம்பி வெளியூரில் தங்கப் பயந்து, கல்யாணம் காட்சி எதுவானாலும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். நூற்றெட்டு திவ்ய தேசத்தில் பாதியையாவது சேவிக்க வேண்டும் என்பது மாமியின் ஆசை. அதற்குத்தான் இந்த டிரெய்லர். ஜெனரேட்டர் சரிப்பட்டு வராவிட்டால் அந்த யாத்திரையே இல்லை.

மாமி ஜெனரேட்டரைச் சுற்றி வந்து பார்த்தார். "நெருப்பு, பெட்ரோல் ரெண்டும் இருக்கற வஸ்து. அக்னி மூலையிலதானே வெப்பேள்?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு பணிவாக, "அம்மா, வீடுன்னா மூலை பாக்கலாம். இது ஓடுற வண்டிங்க. ஒரு வளைவு திரும்பினா மூலையும் திரும்பிடும்" என்றார்.

"ஓடறச்சே யாரு பாக்கறா? நிறுத்தறச்சே கெழக்கு பாத்து நிறுத்தினா போச்சு."

"கோர்ட்டுக்குப் போனாலும் இதுக்கு அப்பீல் கிடையாது பாய்" என்றார் மாமா.

பட்டறையில் டிரெய்லர் கிழக்கு பார்த்துத்தான் நின்றிருந்தது. கணக்குப் பார்த்தேன். அக்னி மூலையான தென்கிழக்கு என்பது முன்பக்கம், வலது கை ஓரம். ஜீப்போடு இணைக்கும் டோ பாரின் முக்கோணத்தில் நான் ஏற்கெனவே சாக்பீஸால் குறித்து வைத்திருந்த அதே இடம். வாசற்கதவு இடது பக்கம் என்பதால் புகைக்குழாயும் கதவுக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். "அம்மா சொன்னா சொன்னதுதான்" என்று உடனே வேலையில் இறங்கினேன். நல்ல பேர் தானாக வரும்போது வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

ஆங்கிள் இரும்பு வைத்து ட்ரே அடித்து, ஃபிரேமோடு சேர்த்து வெல்டிங் செய்தேன். ஜெனரேட்டரின் நாலு காலுக்கும் அடியில் அதிர்வு தாங்க ரப்பர் புஷ். போல்ட்டுக்கு, அதிர்ந்தாலும் கழன்று வராத செல்ஃப் லாக் நட். மேலே குறுக்காக ஒரு பெல்ட், திருட்டுக்குப் பயந்து ஒரு சங்கிலி. படுக்கைப் பக்கத்தில் புகைவாயு அலாரம் ஒன்றும் மாட்டினேன். "இது எதுக்குய்யா வெட்டியா?" என்றார் பாய். காதில் வாங்கவில்லை.

3. முக்கொம்பில் மதியத் தூக்கம்

ஒத்திகைக்கு மாமா முக்கொம்பில் மதியம் ஒரு தூக்கம் போடுவதென்று முடிவாயிற்று. இந்தத் தடவை டிரெய்லர் பசு மாதிரி பின்னால் வந்தது. திருச்சியிலிருந்து போனால் மேற்கு முகமாகத்தான் போய்ச் சேருவோம். பாய் வந்த வாக்கிலேயே மர நிழலில் நிறுத்தினார்.

"கெழக்கு பாத்து நிறுத்தலையே" என்றார் மாமி.

"ஒரு மணி நேரம்தானேம்மா. டிரெய்லரோட ரிவர்ஸ் எடுக்குறது பெரும்பாடு."

அது ஆடி மாதம். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று ஆளைத் தள்ளியது. மாமா படுத்து மாஸ்க்கைக் கட்டினார். ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும், உள்ளே அலாரம் கத்தியது. நான் ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தேன். பாய் மாமாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவருக்கு ஒன்றுமில்லை. மேற்கு பார்த்து நின்ற வண்டியின் முகத்தில் காற்று அடித்து, புகையை முன்ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே தள்ளியிருந்தது. என்னால் மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போதும். ஆத்துக்குப் போயிடலாம்" என்றார் மாமி.

மாமா அசையவில்லை. "ஒரு தடவை நீ சொன்னபடி நிறுத்திப் பாப்போம். அப்பறம் போலாம்."

பாய் வியர்க்க வியர்க்க வண்டியைத் திருப்பினார். கிழக்கு பார்த்து நின்றதும் ஜெனரேட்டர் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் வந்துவிட்டது. புகை வண்டியைத் தொடாமல் நேரே வெளியே போனது. ஜன்னல் இடுக்கையும் ரப்பர் வைத்து அடைத்தேன். மாமா மறுபடி படுத்தார். அலாரம் வாயைத் திறக்கவில்லை.

மாமி திறந்த கதவுக்கு நேராகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆத்துல கரண்ட் போனா, வர்ற வரைக்கும் நான் முழிச்சிண்டு இவரோட மூச்சைக் கேட்டுண்டே உக்காந்திருப்பேன். எத்தனை வருஷமாச்சு" என்றார், பொதுவாக.

வண்டி ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். ஓடுகிற வண்டியில் பாரம் எங்கே இருக்கிறது என்று பார். நிற்கிற வண்டியில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார். நான் கற்ற பாடம் இவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜெனரேட்டர் பூட்ட யார் வந்தாலும், அதை ஓடவிட்டுத் தூங்கப்போவது யார் என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் ஜெனரேட்டரை அணைக்க எழுந்தேன். பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்து, நாற்காலியைக் காட்டினார். மாமியின் தலை சாய்ந்திருந்தது.

"அணைக்காதய்யா" என்றார் மெதுவாக. "அவங்களும் தூங்கிட்டாங்க."