பொலிஸ்காரருடைய ஊர்

அகதிகளாக வந்த புது நாட்டில், வோபர்ன் என்ற இடத்தில், ஒரு வீட்டின் பேஸ்மென்றில் நாங்கள் குடியிருந்தோம். மேலே வீட்டுக்கார அங்கிள் தனியாக இருந்தார். எங்கள் ஊரை ஆமி பிடித்துச் சனத்தையெல்லாம் அங்கிருந்து எழுப்பிவிட்டிருந்த காலம். அதனாலோ என்னவோ, யாரைக் கண்டாலும் முதலில் ஊர் கேட்பது அப்பாவின் வழக்கம். ஆள் வெள்ளைக்காரர் என்பதற்காக விட்டுவிடுவாரா? குடிவந்த கிழமையே கேட்டுவிட்டார்.

அங்கிள் உள்ளே போய் ஒரு படத்தையும் ஒரு ஜாம் போத்தலையும் எடுத்துவந்தார். படத்தில் அவருடைய பாட்டனார், அயர்லாந்துப் பொலிஸ் உடுப்பில், கோர்க் என்ற மாவட்டத்துப் பொலிஸ் நிலைய வாசலில் பெரிய மீசையோடு நின்றார். போத்தலில் கோர்க் மண். ஒருமுறை அங்கே போய்த் தரையை முத்தமிட்டு, சப்பாத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாராம். பொலிஸ்காரரின் பேரன் சுங்கத்துக்குச் செய்த வேலை அது.

"கோர்க்கிலை எந்த ஊர் எண்டு உவருக்குத் தெரியாதாம். பாவம்," என்றார் அப்பா. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்கடை அகதி வழக்கே இன்னும் முடியேல்லை. உங்களுக்கு ஏன் உந்த வேலை?" என்றார் அம்மா.

அப்பா கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அங்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு, பழைய பதிவேடுகளைப் படச்சுருளில் வைத்திருந்த நூல்நிலையத்துக்குப் போவார். பின் சீற்றில் நானும். ஒரே பெயரில் எத்தனை பொலிஸ்காரர்கள்! அங்கிளுக்குக் கண் சரியாகத் தெரியாது, அப்பாவுக்கு அந்தக் கையெழுத்து விளங்காது. ஆனாலும் இருவரும் படச்சுருள் பார்க்கும் அந்த மெஷினை விட்டு அசையமாட்டார்கள்.

கடைசியில் ஆள் அகப்பட்டார். கல்யாணத் திகதி பொருந்தியது. வேலை பார்த்தது கோர்க். பிறந்ததோ மேயோ என்ற வேறு மாவட்டம். எழுதியவர் பிழைவிட்டிருப்பார் என்றார் அங்கிள். நூல்நிலையத்துப் பெண்மணி இல்லையென்று தலையாட்டினார். அந்தக் காலத்தில் பொலிஸ்காரரைச் சொந்த மாவட்டத்தில் வேலைக்கு விடமாட்டார்களாம். சொந்தக்காரனைப் பிடிக்க மனம் வராதே.

"அப்படியென்றால் நான் முத்தமிட்டது வேறு யாருடையதோ மண்ணை," என்று அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "ஊர் இருந்தும் அங்கை இருக்கேலாமல் போச்சு மனுசனுக்கு," என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எப்போதோ செத்துப்போனவருக்காக இவர் ஏன் இப்படி உருகுகிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த கோடையில் அங்கிள் மேயோவுக்குப் புறப்பட்டார். விமான நிலையத்தில் அவர் உள்ளே போய் மறைந்த பிறகும் அப்பா அந்தக் கதவையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

திரும்பி வந்த அங்கிள் பழைய மண்ணைப் பின்வளவு ரோஜாவுக்குக் கொட்டினார். புது மண்ணுக்குப் புதுச் சாடி. வெறும் ஜாம் போத்தலை அப்பா கேட்டு வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, பிரிட்ஜுக்கு மேலே வைத்தார்.

ஒருநாள் அம்மா அதில் தேசிக்காய் ஊறுகாய் போடப் போனார். "வையும் அதை! உதிலை ஒண்டும் போடக்கூடாது!" அப்பா போட்ட சத்தத்தில் மேலே அங்கிளின் காலடிகூட நின்றுவிட்டது.

அம்மா போத்தலை இன்னொருமுறை கழுவித் துடைத்து, மூடியை இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு வெறும் போத்தலுக்காக அம்மாவை அழவைத்துவிட்டாரே என்று எனக்குப் பொல்லாத கோபம். அப்பாவோடு நான் கனநாள் பேசவில்லை.